பரணிலிருந்து அடுக்குக்கு: சிற்றிதழ்களைத் தேடிப் போக வேண்டிய நூலகங்கள்

கைக்காசு போட்டு அச்சிட்டு, தோள்பையில் சுமந்து விற்ற இதழ்களும் நூல்களும்தான் தமிழில் பல புதிய வாசல்களைத் திறந்தன. இதுவரை அவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். இனி யார் காப்பது?

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. விலை ஒரு பைசா. பெயரும் அதுவே: 'ஒரு பைசாத் தமிழன்'. நடத்தியவர் சித்த மருத்துவரும் பௌத்த அறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர். ஓராண்டு கழித்து அது 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. 1914இல் மறையும்வரை சாதி, சமயம், வரலாறு, மொழி என்று அவர் அதில் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பல பத்தாண்டுகள், தமிழ்ப் பொதுவெளியில் அவர் பெயரைச் சொன்னவர்கள் மிகச் சிலர். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. தமிழ்ச் சமூக வரலாற்றில் எவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

தொகுப்பதற்கு அந்தப் பழைய இதழ்கள் எங்கே கிடைத்தன? அன்பு பொன்னோவியம் என்ற ஆய்வாளர் அவற்றைத் தேடிச் சேர்த்து, பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். அவரும் அவரைப் போன்ற சிலரும் அந்தத் தாள்களைப் பழைய காகிதம் என்று நினைத்து, வீடு மாறும்போது எடைக்குப் போட்டிருந்தால், அயோத்திதாசர் இன்று ஓரிரு அடிக்குறிப்புகளில் மட்டும் வந்துபோகும் பெயராக இருந்திருப்பார். ஒரு பெரும் சிந்தனை மரபு, சிலருடைய வீட்டு அலமாரிகளை நம்பிப் பிழைத்திருக்கிறது.

இது விதிவிலக்கல்ல. தமிழில் புதிதாக நடந்த பலவும் முதலில் சிறிய அச்சில், சில நூறு பிரதிகளில், யாரோ ஒருவரின் கடனில்தான் நடந்தன. அவற்றுக்கு விளம்பரதாரர் இல்லை, முகவர் இல்லை, கடையில் தொங்கவிட க்ளிப்கூட இல்லை. ஆகவே நூலகத்துக்குத் தாமாக வந்து சேரும் வழியும் இல்லை. நூலகம்தான் அவற்றைத் தேடிப் போக வேண்டும்.

கைக்காசில் பிறந்த இலக்கியம்

எழுதியவரே பதிப்பித்த புத்தகம் என்றால் நம்மிடம் ஓர் இளக்காரம் உண்டு. பதிப்பாளர் கிடைக்காதவர் செய்கிற வேலை என்று சட்டென்று முடிவுகட்டிவிடுகிறோம். தமிழ் அச்சு வரலாற்றைப் புரட்டினால் அந்த இளக்காரம் நிற்காது.

1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்ற உ.வே. சாமிநாதையர் கையொப்பம் சேர்த்தார். முன்பணம் தந்தவர்களின் துணையோடுதான் அந்தப் பதிப்பு நிறைவேறியது. 1907இல் பாரதியின் பாட்டுகள் சில, வி. கிருஷ்ணசாமி ஐயரின் செலவில் ஒரு சிறு வெளியீடாக 15,000 பிரதிகள் அச்சாகி இலவசமாக மக்களிடம் போயின. அடுத்த ஆண்டு 'ஸ்வதேச கீதங்கள்' நூலைப் பாரதியே வெளியிட்டார். 1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தம் புத்தகங்களும் விற்கும் என்று நம்பினார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரும் இல்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் அவர் வீடுதான் அலுவலகம். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழ்ப் புதுக்கவிதை ஓர் இயக்கமானது அங்கேதான். திரிகோணமலையிலிருந்து எழுதி அனுப்பிய தருமு சிவராமு என்ற இளைஞர், பின்னாளில் பிரமிள், தமிழ்நாட்டு வாசகருக்கு அறிமுகமானதும் அதன் பக்கங்களில்தான். 1962இல் செல்லப்பா தம் எழுத்து பிரசுரத்தின் வழியே வெளியிட்ட 'புதுக்குரல்கள்' கவிதைத் தொகுப்பு பின்னர் பல்கலைக்கழகத்தில் பாடநூலாயிற்று. அந்தப் புத்தகங்களைப் பையில் நிரப்பிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவரே. கடைசிக் காலத்தில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சொந்தப் பதிப்பு என்று ஓரம்கட்டத் துடிக்கும் எந்தப் புத்தகத் தேர்வுக் குழுவும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது.

சேலத்தில் 1968இல் தொடங்கிய 'நடை' எட்டே இதழ்களில் நின்றது. அதே ஆண்டு சென்னையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து 'கோணல்கள்' என்ற சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 1970இல் 'கசடதபற' வந்தது. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' விலையே இல்லாமல் வந்தது. 1983இல் ஊட்டியிலிருந்து பிரம்மராஜனின் 'மீட்சி' உலகக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. தலித் அரசியல், பின்நவீனத்துவம் பற்றிய 1990களின் விவாதங்களுக்கு 'நிறப்பிரிகை' களமானது. இவை இல்லாமல் கடந்த அறுபது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை எழுதிவிட முடியாது.

கடல் கடந்தால் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அவருடைய ஜோசப் சலூன் இருந்தது. முடிதிருத்தும் தொழிலில் இருந்துகொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றார். போர், இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி 2012 வரை 'மல்லிகை' வந்தது. ஈழத்து எழுத்தாளர்கள் பலருக்கு அதுதான் முதல் மேடை.

ஒரு சிற்றிதழைக் கையில் எடுத்தால்

எழுபதுகளில் வந்த ஒரு சிற்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். டெமி அளவு. இரண்டு ஃபாரம், மிஞ்சினால் மூன்று. ட்ரெடில் அச்சில் ஈய எழுத்து தாளில் அழுந்தியிருக்கும்; பக்கத்தின் பின்புறம் விரலை ஓட்டினால் வரிகள் தட்டுப்படும். முதுகில் இரண்டு கம்பிப் பின். அந்தப் பின் துருப்பிடித்துத் தாளில் செம்பழுப்புக் கறையாக இறங்கியிருக்கும்; தாள் முதலில் ஒடிவது அந்த இடத்தில்தான். மலிவான தாளில் உள்ள அமிலம் ஓரங்களை மஞ்சளாக்கி, பிறகு பழுப்பாக்கி, கடைசியில் மடித்தால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

உள்ளட்டையில் ஆசிரியரின் வீட்டு முகவரி, அச்சகத்தின் பெயர், ஆண்டுச் சந்தா. அடியில் ஒரு வரி: 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. பத்திரிகைப் பதிவாளரிடம் பதியாத இதழ் என்பதற்கு அதுவே அடையாளம். பதிவில்லை என்றால் பதிவு பெற்ற இதழ்களுக்குக் கிடைக்கும் அஞ்சல் சலுகை இல்லை. சில இதழ்களில் விலைக்குப் பதிலாக 'நன்கொடை' என்றிருக்கும். சிலவற்றில் ஆண்டே இருக்காது. 'இதழ் 4' என்று மட்டும் போட்டிருக்கும். மாத இதழ் என்று அறிவித்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். 7, 8 இரண்டும் ஒரே இதழாக வரும். ஆசிரியர் ஊர் மாறினால் இதழும் ஊர் மாறும்.

நூலகருக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. இதழ்ப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது; எப்போது வரும் என்று தெரியாத இதழுக்கு எந்தக் கட்டம்? மெல்லிய புத்தகத்துக்கு முதுகே இல்லை. அடுக்கில் நிற்காது, எண் ஒட்ட இடமில்லை. தணிக்கைக்கு வருபவர் ரசீது கேட்பார். இதழை நடத்துபவரிடம் பில் புத்தகம் இருக்காது. இவற்றில் ஒன்றைக்கூட நூலகரின் குற்றம் என்று சொல்ல முடியாது. வழக்கமான வெளியீடுகளுக்காக வகுத்த நடைமுறையில் வழக்கத்துக்கு மாறான வெளியீட்டுக்கு இடம் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

சொந்தப் பதிப்பு நூலின் கதையும் இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் ஏரி, கோயில், தெருப்பெயர், சந்தை பற்றி நூறு பக்கம் எழுதி முந்நூறு பிரதி அச்சிடுகிறார். உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தது போக மிச்சம் கட்டிலுக்கு அடியில் போகிறது. அரசு நூலக ஆணை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நாளை அந்த ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் வந்த பிறகு, ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு வழி இருக்காது. அந்த ஊர்க் கிளை நூலகத்திலாவது அது இருக்க வேண்டாமா?

சட்டம் இருக்கிறது

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திடம் அரையணாவுக்கும் காலணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஒரு காலத்தில் சென்னை குஜிலிக் கடைத்தெருவில் குவிந்து கிடந்தன. கொலை, புயல், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் உடனே பாட்டாகி அச்சேறிவிடும். படித்தவர்கள் முகம் சுளித்த இந்தக் குஜிலி நூல்கள் இன்று ஆய்வாளர்களுக்கு அரிய ஆவணங்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' அவற்றைப் பற்றிய முக்கியமான நூல்.

அவற்றில் கணிசமானவை தப்பியதற்கு ஒரு காரணம் 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டம். அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசிடம் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் பட்டியல் அரசிதழில் வரும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மக்கள் என்ன படிக்கிறார்கள் என்று கண்காணிக்க நினைத்த அரசின் ஏற்பாடு அது. ஆனால் பெரிது சிறிது பாராமல் கேட்டது. அதனால்தான் நம் ஊர்க் காலணாப் புத்தகங்களின் பிரதிகள் லண்டன் நூலக அடுக்குகள்வரை போய் உட்கார்ந்திருக்கின்றன. கண்காணிக்க வந்த அரசு காட்டிய அக்கறையை, நேசிக்க வேண்டிய நாம் காட்டவில்லை என்பது வலிக்கிறது.

சுதந்திர இந்தியாவிலும் சட்டம் உண்டு. 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பிப்பவர் தம் செலவில் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். நூல் என்பதில் துண்டுப் பிரசுரமும் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதாவது, எட்டுப் பக்கக் கவிதைச் சிற்றேடும் சட்டத்தின் கண்ணில் நூல்தான். 1956இல் செய்தித்தாள்களும் சட்டத்துக்குள் வந்தன. அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை, நூலின் விலையும் சேர்த்து. பெரிய பதிப்பகங்களுக்கே இந்தச் சட்டம் அச்சுறுத்தலாக இல்லை. கைக்காசில் முந்நூறு பிரதி அச்சிடுபவருக்கோ, இப்படி ஒரு சட்டம் இருப்பதே பெரும்பாலும் தெரியாது. நான்கு பிரதியும் நான்கு தபால் செலவும் அவருக்குச் சிறிய தொகையும் அல்ல.

இங்கே அபராதத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, முகவரி எழுதிய ஓர் உறை, பிரதி வந்து சேர்ந்தது என்று ஒரு கடிதம். இவை போதும். தம் இதழ் கன்னிமாராவில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தச் சிற்றிதழ் ஆசிரியரும் அடுத்த இதழைத் தாமே கொண்டுபோய்க் கொடுப்பார்.

காத்தவர்கள்

அரசு அடுக்குகளில் இடமில்லாதபோது தனிமனிதர்கள் இடம் கொடுத்தார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், இதழ் என்று நில்லாமல் நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், கைவிளம்பரம் என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்ததால் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தின் படியேறாமல் நவீனத் தமிழ் பற்றிய நல்ல ஆய்வு எதுவும் வருவது கடினம்.

புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி என்ற ஆசிரியத் தம்பதி தம் சம்பளத்தில் கட்டியெழுப்பிய ஞானாலயாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும், முதல் பதிப்புகளும், சிற்றிதழ்த் தொகுதிகளும் இருக்கின்றன. பொள்ளாச்சி நசன் 'சிற்றிதழ்ச் செய்தி' என்றே ஓர் இதழ் நடத்தி, ஆயிரக்கணக்கான சிற்றிதழ்களைச் சேர்த்து, அவற்றை இணையத்திலும் ஏற்றினார். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய வல்லிக்கண்ணன் 'தமிழில் சிறு பத்திரிகைகள்' என்ற நூலை எழுதினார். எந்த இதழ் எப்போது தொடங்கி எப்போது நின்றது என்று தேடுபவர்கள் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

ஈழத்தில் காப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஆவணங்களும் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவோடு 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இலக்கியச் சிற்றிதழ், பாடசாலை மலர், இயக்கத் துண்டுப் பிரசுரம் என எதையும் அவர்கள் தள்ளவில்லை. நினைவு மலர்களைச் சேர்த்திருப்பது என்னை மிகவும் நெகிழ வைத்தது. ஒருவர் இறந்து 31ஆம் நாள் குடும்பத்தார் அச்சிட்டு உறவினருக்குக் கொடுக்கும் சிறு மலர் அது. தேவாரம், படம், வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். கிராமங்களே இடம்பெயர்ந்துபோன ஒரு மண்ணில், யார் எங்கே யாருடன் வாழ்ந்தார் என்பதற்கு அந்த மலர்கள் சாட்சி சொல்கின்றன. கடையில் விற்காத, விமர்சனம் வராத, குடும்பத்துக்குள் மட்டும் சுற்றிய அச்சு இன்று ஒரு சமூகத்தின் பொது ஆவணம்.

தனிமனிதர்களின் இந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்த உழைப்பை நம்பியே ஒரு மொழி இருந்துவிடக் கூடாது. சேகரித்தவருக்கு வயதாகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டை விற்கும்போது பரணைக் காலிசெய்ய ஒரு நாள்தான் அவகாசம். பழைய பேப்பர் கடைக்காரருக்கு 'எழுத்து' முதல் இதழும் நேற்றைய நாளிதழும் கிலோ ஒரே விலை.

பொது நூலகத்தால் முடியும்

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பொது நூலகம் 1997 முதல், இளைஞர்கள் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து வெளியிடும் கையேடுகளைச் சேர்த்து வருகிறது. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரி நூலகம் 2003 முதல், பெண்கள் வெளியிடும் இத்தகைய கையேடுகளுக்கென்றே ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. மற்ற புத்தகங்களைப் போலவே அவற்றுக்கும் அட்டவணைப் பதிவு உண்டு. அங்கே முடிகிற காரியம், இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த மண்ணில் முடியாதா? எந்த நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பதை நூலகத்தின் அடிப்படை விதியாக வகுத்தவர் அவர்.

தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின்கீழ் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. இவ்வளவு பரந்த வலை இருக்கும்போது புதிதாக ஓர் அமைப்பு தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகமும் தன் மாவட்டத்தில் அச்சாகும் சிற்றிதழ், சொந்தப் பதிப்பு, துண்டுப் பிரசுரம், ஊர் வரலாறு ஆகியவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கட்டும். அதற்கென ஒரு சிறு தொகையும், ரசீது இல்லாமல் கையொப்பச் சீட்டில் வாங்கும் அனுமதியும் வேண்டும். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்து, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்தால் மெல்லிய இதழும் பல பத்தாண்டு தாங்கும். இதழின் பெயர், ஆசிரியர், ஊர், கையிலுள்ள இதழ் எண்கள் என்று நான்கே விவரங்களோடு பொது அட்டவணையில் ஏற்றினால் போதும். எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்கேன் செய்துவிட்டால் தாள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சட்டமே இதற்குப் பதில் சொல்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இலாப நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமித்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்று: அந்தப் படைப்பின் தாள் பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். முதலில் தாளைச் சேர்க்காத நூலகம், நாளை மின்னூலகமும் ஆக முடியாது.

இதழ் நடத்துபவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு இதழிலும் ஆண்டு, மாதம், இதழ் எண், ஊர் நான்கையும் போடுங்கள். சொந்தமாக நூல் வெளியிடுபவர்கள் ஐஎஸ்பிஎன் எண் வாங்குங்கள். இந்தியாவில் அது இலவசம். அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் ஐந்து பிரதிகளைத் தனியே எடுத்துவைத்து, கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு நண்பர்களுக்குக் கொடுங்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ கட்டிவைத்த இதழ்க் கட்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு நூலகரிடமோ ஆய்வாளரிடமோ காட்டுங்கள். 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே, நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. உங்கள் பணத்தில் நடக்கும் நூலகத்தில் உங்கள் ஊர் அச்சு இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. அடுத்த முறை போகும்போது கேளுங்கள். இல்லை என்றால், ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.